இன்டர்நெட் வாங்கப் போகிறீர்களா? கம்பியைப் பாருங்கள்!

இரவு 11 மணி. வெளியே மழை கொட்டுகிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறாள். அரசு வேலைக்கு விண்ணப்பம். அன்றுதான் கடைசி நாள். பெயர், விலாசம் எல்லாம் எழுதியாகிவிட்டது. போட்டோவும் ஏற்றியாகிவிட்டது. பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

திடீரென்று நின்றுவிட்டது இன்டர்நெட்!

சுவரில் மாட்டிய பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குகிறது. அப்பா பெட்டியைத் தட்டுகிறார். அம்மா பூஜை அறையைப் பார்த்துக் கும்பிடுகிறார். தம்பி சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுகிறான். ஒன்றும் பயன் இல்லை.

"100 எம்.பி.பி.எஸ். வேகம் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்!" என்று கோபப்படுகிறார் அப்பா.

வேகத்தில் குறை இல்லை. தெருமுனையில் மரக்கிளை முறிந்து விழுந்தது. கம்பி அறுந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால், அந்தச் சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கம்பி அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரியவில்லை.

ஒரு புடவை வாங்க நாம் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். துணியைத் தொட்டுப் பார்க்கிறோம். கரையைப் பார்க்கிறோம். சாயம் போகுமா என்று கேட்கிறோம். ஆனால், மாதாமாதம் பணம் கட்ட வேண்டிய இன்டர்நெட்டை மட்டும் ஒரு நோட்டீசைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். அதில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம் ஒன்றுதான்!

வேகத்தைப் பார்ப்பது தவறல்ல. அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. வாசலுக்கு எந்தக் கம்பி வருகிறது? அது அறுந்தால் எந்த ஆள் வருவார்?

பெட்டிக்குள் ஒரு துபாஷி

முதலில் அந்தப் பெட்டியைப் பார்ப்போம். அதை "மோடம்" என்கிறோம். அது என்ன வேலை செய்கிறது?

அந்தக் காலத்தில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. நம்மவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. வியாபாரம் எப்படி நடக்கும்? நடுவில் ஒருவர் இருப்பார். இந்தப் பக்கம் தமிழில் கேட்பார். அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் சொல்வார். அவருக்குப் பெயர் துபாஷி. பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

மோடமும் ஒரு துபாஷிதான்!

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை இரண்டே எழுத்துகள்: 0, 1. உங்கள் போட்டோவும், சினிமாப் பாட்டும், மகளின் விண்ணப்பமும் அதற்கு வெறும் 0, 1 வரிசைதான். கம்பிக்கு அந்த எழுத்து தெரியாது. டெலிபோன் கம்பியில் மின் அலை ஓடும். கண்ணாடிக் கம்பியில் ஒளி ஓடும். அந்த 0, 1-ஐ அலையாகவோ ஒளியாகவோ மாற்றி அனுப்புவது மோடம். அங்கிருந்து வருவதைத் திரும்ப 0, 1 ஆக்கித் தருவதும் மோடம். மாற்றுவதற்கு ஆங்கிலத்தில் "மாடுலேட்" என்று பெயர். திரும்ப மாற்றுவது "டிமாடுலேட்". இரண்டின் தலைப்பையும் சேர்த்து "மோடம்" என்றார்கள்.

பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வந்த இன்டர்நெட்டை வீட்டில் உள்ள செல்போன், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவரின் வேலை! அதைச் செய்வது "ரவுட்டர்". இப்போது பல வீடுகளில் துபாஷியும் பரிமாறுகிறவரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறார்கள்.

கீச்சிட்ட காலம்

1960-களில் அமெரிக்காவின் பெல் கம்பெனி ஒரு மோடம் செய்தது. அதன் வேகம் வினாடிக்கு 300 பிட். அதாவது, வினாடிக்குச் சுமார் 30 ஆங்கில எழுத்துகள். நாம் வாய்விட்டுப் படிப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம்!

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. வி.எஸ்.என்.எல். நிறுவனம் அதைத் தொடங்கியது. அன்று டெலிபோன் வழியாகத்தான் இன்டர்நெட்டைப் பிடிக்க வேண்டும். மோடம் தானே நம்பரைச் சுற்றும். "கீ... கிர்ர்... க்ர்ர்ர்..." என்று கத்தும். அது என்ன சத்தம்? இந்த ஊர்த் துபாஷியும் அந்த ஊர்த் துபாஷியும் "எந்த வேகத்தில் பேசலாம்?" என்று பேரம் பேசிக்கொள்ளும் சத்தம்!

டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது. டெலிபோன் நிலையம் குரலுக்கு வேண்டிய அலைகளை மட்டுமே கடத்தியது. அதனால்தான் அந்த வகை மோடம் எவ்வளவு முயன்றாலும் வினாடிக்கு 56 ஆயிரம் பிட்டைத் தாண்டவில்லை. அந்த வேகத்தில் இன்றைய செல்போன் போட்டோ ஒன்றை, 5 எம்.பி. அளவுள்ளதை, இறக்குவதற்கு 12 நிமிஷம் ஆகும். அந்த 12 நிமிஷமும் வீட்டு டெலிபோன் வேலை செய்யாது. மாமா ஊரிலிருந்து கூப்பிட்டால் "பிசி" என்றுதான் வரும்!

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். "டேட்டா ஒன்" என்ற பெயரில் அகலப்பாட்டை இணைப்பைக் கொடுத்தது. அதே செம்புக் கம்பிதான். ஆனால், புது மோடம் குரலுக்கு மேலே உள்ள உயர்ந்த அலைகளைப் பயன்படுத்தியது. ஒரே கம்பியில் பேசவும் முடிந்தது. இன்டர்நெட்டும் பார்க்க முடிந்தது. கடலூரின் 04142 நம்பர் வீடுகளுக்கும் சிதம்பரத்தின் 04144 நம்பர் வீடுகளுக்கும் இது பெரிய வசதி.

செம்பும் கண்ணாடியும்

செம்புக் கம்பிக்கு ஒரு குறை. டெலிபோன் நிலையத்திலிருந்து தூரம் போகப் போக வேகம் குறையும். நிலையத்தின் பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்ப்பார். ஐந்து கிலோ மீட்டர் தள்ளியிருப்பவர் சுற்றும் வளையத்தைப் பார்ப்பார்!

கடற்கரை ஊருக்கு இன்னொரு குறையும் உண்டு. செம்பில் களிம்பு ஏறும் என்பது நம் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வீசுவது உப்புக் காற்று. கம்பியின் மூட்டுகளில் களிம்பு பிடிக்கும். மழைத் தண்ணீர் இறங்கினால் கரகரவென்று சத்தம் வரும். இன்டர்நெட் விட்டு விட்டு வரும்.

இப்போது வீட்டுக்கு வருவது கண்ணாடி இழைக் கம்பி. "பைபர்" என்று சொல்கிறார்கள். அதன் உள்ளே ஒளி ஓடும் பகுதி தலைமயிரை விட மெல்லியது. அதில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. 1966-ல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி, "கண்ணாடியை மிகச் சுத்தமாகச் செய்தால் அதன் வழியே வெகு தூரம் செய்தி அனுப்பலாம்" என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்காக 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். கடலூரிலிருந்து சென்னைக்குப் போக, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்! சென்னைக் கடற்கரையில் கடலடிக் கம்பிகள் கரையேறுகின்றன. அவையும் கண்ணாடி இழைதான். அவற்றின் வழியாகத்தான் சிங்கப்பூரில் இருக்கும் மகனின் முகம் சிதம்பரத்து வீட்டில் தெரிகிறது.

கண்ணாடியில் களிம்பு ஏறாது. அது மின்சாரத்தையும் கடத்தாது. ஆனால், அதை மடக்கக் கூடாது. கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். கதவிடுக்கில் நசுக்காதீர்கள். ஆணியடித்து இறுக்காதீர்கள். முடிச்சுப் போடாதீர்கள். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்!

டாக்டர் பட்டம் அல்ல!

நோட்டீசில் "100 எம்.பி.பி.எஸ்." என்று போட்டிருக்கும். இது டாக்டர் பட்டம் அல்ல! ஒரு வினாடியில் எத்தனை "மெகா பிட்" வரும் என்ற கணக்கு.

இங்கே பலர் ஏமாறுவது போல நினைக்கிறார்கள். "50 வாங்கினேன், படம் இறக்கும்போது 6 என்றுதான் காட்டுகிறது" என்கிறார்கள். அது ஏமாற்று அல்ல. கம்பெனி சொல்வது "பிட்" கணக்கு. கம்ப்யூட்டர் காட்டுவது "பைட்" கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 50-ஐ 8-ஆல் வகுத்தால் 6¼. கணக்கு சரிதான்!

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? தெளிவான படம் ஒன்று பார்க்க 5 மெகா பிட் போதும். மிக மிகத் தெளிவான பெரிய டி.வி. படத்துக்கு 15 வேண்டும். பையனின் வகுப்புக்கு 3 அல்லது 4. செல்போன்களுக்குக் கொஞ்சம். கூட்டிப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 40 அல்லது 50 தாராளம். எதற்கும் 300 வாங்கி வைப்போம் என்பது, நாலு பேர் சாப்பிட அண்டா நிறையச் சோறு வடிப்பது போலத்தான்.

இன்னொன்று. ஒரு கண்ணாடி இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துக் கொடுப்பது வழக்கம். இரவு 8 மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது நெரிசல் வரலாம். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இரவு 8 மணியிலிருந்து 10 மணி வரை எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்!

எந்த வீட்டுக்கு எது?

சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் கண்ணாடி இழைதான் நல்லது. பி.எஸ்.என்.எல். கொடுக்கிறது. தனியார் கம்பெனிகளும் கொடுக்கின்றன. பல தெருக்களில் கேபிள் டி.வி. நடத்துபவரே கம்பெனியின் சார்பில் கம்பி இழுத்துக் கொடுக்கிறார். அது ஒரு வசதி. ஆளை நமக்குத் தெரியும். வாசலில் போய் நின்று கேட்கலாம்.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் விஷயம் வேறு. அங்கே 1929-ல் ஏற்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் உண்டு. படிப்பு முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டக் கூடாது. மாதக் கட்டணமே நல்லது. மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஓர் இணைப்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கம்பியே இல்லாமல், செல்போன் கோபுரத்திலிருந்து அலையைப் பிடித்துத் தரும் 5-ஜி பெட்டியும் இருக்கிறது. அறை மாறினாலும், அந்த இடத்தில் சேவை இருந்தால் போதும். ஆனால், அறைக்குள் கோபுரத்தின் அலை நன்றாக வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நடராஜர் கோவிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளில் ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடும். உயர்ந்த தேர்! வீதிக்குக் குறுக்கே கம்பி தொங்க முடியாது. தேரோடும் வீதிக்காரர்கள், "கம்பி எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது? தேர் நாளில் கழற்ற வேண்டி வருமா?" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கிராமத்தார் தங்கள் ஊராட்சியில் விசாரிக்க வேண்டும். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு தமிழ்நாடு பைபர்நெட் கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது. உங்கள் ஊர் வரை கம்பி வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

புயல் வந்தால்?

கடலூர் மாவட்டத்தார் மற்ற ஊராரைப் போல இன்டர்நெட் வாங்க முடியாது. இங்கே புயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்!

2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலை, "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" புயல் வந்தது. தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிக் கடலூருக்குள் புகுந்தது.

பழைய டெலிபோனுக்கு ஒரு பெருமை உண்டு. வீட்டில் மின்சாரம் போனாலும் அது பேசும்! அதற்கு வேண்டிய மின்சாரம் டெலிபோன் நிலையத்திலிருந்து அதே செம்புக் கம்பியில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கம்பியில் மின்சாரம் வராது. வீட்டில் விளக்கு அணைந்தால் பெட்டியும் அணைந்துவிடும். அதோடு சேர்த்து வாங்கிய டெலிபோனும் ஊமையாகிவிடும். இது பலருக்குத் தெரியாது.

இதற்கு வழி என்ன? பெட்டிக்கென்று சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. கையளவுதான் இருக்கும். வாங்கும்போது பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அது சில மணி நேரம் தாங்கும். இடி மின்னல் பலமாக இருந்தால் பெட்டியின் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். கம்பி கண்ணாடியானாலும் சுவர் பிளக்கில் வருவது மின்சாரம்தானே!

எல்லாவற்றையும் விட முக்கியமான யோசனை இது: வீட்டு இன்டர்நெட் ஒரு கம்பெனி, செல்போன் வேறு கம்பெனி. இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கினால் கட்டணம் குறையலாம். ஆனால், அந்தக் கம்பெனியின் கம்பி அறுந்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடலாம்.

கையெழுத்துப் போடுமுன்

பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஆறு கேள்விகளையும் கேளுங்கள். பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1. வரியோடு சேர்த்து மாதம் எவ்வளவு? 499 ரூபாய் என்று சொன்னால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 588 ரூபாய் 82 காசு ஆகும். ஆண்டுக்கு 7,000 ரூபாய்க்கு மேல்!

2. இது எத்தனை மாதத்துக்கு உரிய கட்டணம்? சலுகை முடிந்த பிறகு எவ்வளவு?

3. பெட்டி யாருக்குச் சொந்தம்? வாடகையா, விலையா, முன்பணமா? இணைப்பை விட்டால் முன்பணம் திரும்ப வருமா?

4. "வரம்பில்லாதது" என்கிறீர்களே, எவ்வளவு பயன்படுத்தினால் வேகம் குறையும்? குறைந்த பிறகு எந்த வேகம்?

5. ஏற்றும் வேகம் எவ்வளவு? நோட்டீசில் போடுவது இறக்கும் வேகமாக இருக்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் வகுப்பு நடத்துபவருக்கும் ஏற்றும் வேகமும் முக்கியம்.

6. கம்பி அறுந்தால் யார் வருவார்? எத்தனை மணி நேரத்தில்? ஞாயிற்றுக்கிழமையும் வருவாரா?

ஆறாவது கேள்விக்குத் தடுமாறினால் அந்த இணைப்பு வேண்டாம். 100-க்குப் பதிலாக 50 கொடுத்தாலும், கூப்பிட்ட அன்றே ஏணியோடு வருகிறவரிடம் வாங்குங்கள்!

சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

பெட்டி வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது? வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குள்ளோ பிரிட்ஜுக்குப் பின்னாலோ வைத்தால் அலை வெளியே வராது. பழைய வீடுகளின் கனத்த சுவர்களும் அலையைத் தடுக்கும். பெட்டியில் 2.4, 5 என்று இரண்டு அலை இருக்கும். 2.4 தூரம் போகும். 5 வேகமாகப் போகும். அடுக்களை வரை வர வேண்டுமானால் 2.4. பெட்டிக்குப் பக்கத்து டி.வி.க்கு 5.

பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கண்ணாடி இழைப் பெட்டிகளில் சாதாரணமாக இரண்டு விளக்குகளைத் தெரிந்துகொண்டால் போதும். "பான்" என்ற விளக்கு பச்சையாக நின்று எரிந்தால் கம்பி நலம். "லாஸ்" என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி வரவில்லை. கம்பி அறுந்திருக்கலாம்; அல்லது முனை கழன்றிருக்கலாம். பெட்டியைத் தட்டிப் பயன் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்து, "லாஸ் சிவப்பு" என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகார் தீரவில்லையா? அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டெலிபோன் கம்பெனிகள் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

சரி, அந்த மஞ்சக்குப்பத்து மகள் என்ன ஆனாள்? விண்ணப்பம் போயிற்றா?

போகலாம்! சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். பெட்டியோடு போராடி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். அப்பாவின் சட்டைப் பையில் வேறு கம்பெனியின் செல்போன் இருக்கிறது. அதில் "ஹாட்ஸ்பாட்" என்பதைத் தொட்டால் அதுவே ஒரு சின்ன மோடம். கம்ப்யூட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். 11 மணி 20 நிமிஷத்துக்குப் பணமும் கட்டிவிடலாம், ரசீதும் எடுத்துவிடலாம்.

அறுந்த கம்பியை ஒட்ட, காலையில் ஏணியோடு ஆள் வருவார். வரக்கூடிய ஆளாகப் பார்த்து வாங்கியிருந்தால்!